சத்தம் போடாத மெஷின்

செடிவேலி வெட்டும் பழைய மெஷின் உயிரை விட்டது ஓர் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில், வேலை பாதியில் இருக்கும்போது. என்ஜின் என்னவோ வழக்கம்போல உறுமிக்கொண்டுதான் இருந்தது. பிளேடு மட்டும் அசையவில்லை. வேலியின் ஒரு பாதி சவரம் செய்த முகம்போல மழமழவென்றும், மறு பாதி நாள்பட்ட தாடியோடும் நின்றது.

“வாய் மட்டும் வேலை செய்யுது மாமா, கை வேலை செய்யல,” என்றான் மைத்துனன்.

“யாரைடா சொல்ற?”

“மெஷினைத்தான். நீங்க எதுக்கு எடுத்து உங்க மேல போட்டுக்கிறீங்க?”

அவன் மாமா என்றழைத்தவர் அவனுடைய அக்காள் கணவர். தோட்ட வேலைக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு அவர் ‘நூல்காரர்’. எந்த வேலியில் கை வைப்பதற்கு முன்பும் இரண்டு முனையிலும் குச்சி நட்டு, நூல் இழுத்துக் கட்டி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டத் தொடங்குவார். அவர் வெட்டிய வேலியின் தலையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும் என்று மைத்துனன் பெருமையடித்துக்கொள்வான். அவன் வெட்டிய வேலியின் மேல் வைத்தால் அது எங்கே போய் விழும் என்பதைப் பற்றி மட்டும் பேச மாட்டான்.

அன்று மாலை வீட்டின் பின்பக்கப் பட்டறையில் நூல்காரரின் மனைவி மெஷினின் வயிற்றைத் திறந்தாள். மூன்று பேர் நடத்தும் தோட்டப் பராமரிப்புத் தொழில் அது. வெட்டுவது ஆண்கள் இருவரும். வண்டி ஓட்டுவது, தழை வாருவது, பிளேடு தீட்டுவது, மெஷினுக்கு வைத்தியம் பார்ப்பது எல்லாம் அவள்.

இந்த மெஷினின் தந்திரம் எளிமையானது. என்ஜினுக்குச் சுழலத்தான் தெரியும். ஆனால் வெட்டுவதற்கு முன்னும் பின்னுமாகப் போய்வர வேண்டும். அதனால் என்ஜின் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரத்தின் மேலும் கீழும், வேண்டுமென்றே மையம் தள்ளிப் பொருத்திய இரண்டு வட்டுகள் இருக்கும். சுற்றச் சுற்ற ஒரு வட்டு ஒரு பிளேடை முன்னால் தள்ளும். அதே நேரத்தில் மற்றது இன்னொரு பிளேடைப் பின்னால் இழுக்கும். ஒரு சீப்பின் மேல் இன்னொரு சீப்பை வைத்து எதிரெதிராக இழுப்பதைப் போல. பற்களுக்கு நடுவே அகப்பட்ட குச்சி அங்கேயே துண்டாகும். ஒரு கூட்டம் கத்தரிக்கோல்கள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் வாயைத் திறந்து மூடுவதாக நினைத்துக்கொண்டால் அதுதான் வேலி மெஷின்.

மனைவி பல்சக்கரத்தை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். அது வட்டமாக இருந்தது. பல் என்று சொல்ல எதுவும் இல்லை.

“கட்டிப் பார்க்க முடியாதா?” என்றார் நூல்காரர்.

“பல் செட்டு மனுஷங்களுக்குத்தாங்க கட்டுவாங்க. இதுக்கு இனிமே கஞ்சிதான்.” அவள் கையைத் துணியில் துடைத்தாள். “புதுசு வாங்கணும். இந்தத் தடவை விடுதியை மனசுல வச்சு வாங்கணும்.”

விடுதி என்றதும் மைத்துனன் பழைய மெஷினை முறைத்தான்.

அது பெரிய மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர்கள் தங்கும் விடுதி. ஊரெல்லாம் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவர்கள் திரை இழுத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். விடுதியைச் சுற்றி ஓடும் நீண்ட வேலி, நூல்காரர் தன் கையால் கன்று கன்றாக நட்டு வளர்த்தது. கீழே அகலம், மேலே சற்றே ஒடுக்கம். அப்படி வெட்டினால்தான் அடிக்கிளைக்கும் வெயில் படும், கீழே மொட்டையாகாது. அவர் வேலையில் அவருக்கே பிடித்த வேலை அதுதான். ஆனால் சென்ற முறை பெட்ரோல் மெஷின் ஓடியபோது ஒரு செவிலி போர்வையோடு எழுந்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, “இது எப்ப நிக்கும்னு மட்டும் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தூணில் சாய்ந்து தூங்கிப்போனாள். அன்றிலிருந்து இவர்கள் பேச்சில் அவள் போர்வை நர்ஸ். விடுதிப் பொறுப்பாளர் அம்மாள் குரலை உயர்த்தாமலே சொல்லியிருந்தார்: “இன்னொரு தடவை உங்க மெஷினால ஒருத்தர் எழுந்தாலும், அப்புறம் வேற ஆளுங்கதான் வருவாங்க.”

வேறு ஆள். தான் வளர்த்த வேலியில், நூல் பிடிக்காத எவனோ.

“பேட்டரி மெஷின் வாங்கலாம்,” என்றாள் மனைவி.

“பெட்ரோலே வாங்கலாம்,” என்றார் அவர் அவசரமாக. “சத்தம் குறைவா ஏதாவது வந்திருக்கும்.”

சொல்லிக்கொண்டே அவர் எடுத்த டம்ளர் கை நழுவித் தரையில் விழுந்து உருண்டது. எவர்சில்வர் டம்ளர், உடையவில்லை, ஊரைக் கூட்டியது.

“வழுக்குது,” என்றார்.

“வழுக்கத்தான் செய்யும்,” என்றாள் மனைவி. அந்த வீட்டில் ஒரு காலத்தில் கண்ணாடி டம்ளர்கள் இருந்தன. அவை ஒவ்வொன்றாக எவர்சில்வராக மாறியது மனைவியின் ரசனை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

உண்மையில் வழுக்கியது டம்ளர் இல்லை. வெகு நாளாகவே, பெட்ரோல் மெஷினை நீண்ட நேரம் பிடித்தால் வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் சுண்ணாம்புக்கட்டி போல வெளுத்து, யாரோ இரவல் கொடுத்த விரல்கள் மாதிரி ஆகிவிடும். சூடு தெரியாது, பிடி தெரியாது. பிளேடுகள் இரண்டும் எதிரெதிராக ஓடுவதால் ஒன்றின் உதறலை மற்றது அமர்த்திவிடும். என்ஜினுக்குள் இருக்கும் பிஸ்டனுக்கு அப்படி ஜோடி கிடையாது. அது தனியாளாகக் குதித்து உதறும் உதறல் எல்லாம் கைப்பிடி வழியாக நேரே விரலுக்கு வரும்.

இத்தனை நாள் பெட்ரோலை விடாதவர் பேட்டரிக்குச் சட்டென்று தலையாட்டினால், ஏன் என்ற கேள்வி வரும். ஏன் என்று சொன்னால் மனைவி அவரைப் பட்டறையில் உட்கார வைத்துப் பிளேடு தீட்டச் சொல்லிவிடுவாள். விடுதி வேலி மைத்துனன் கைக்குப் போகும். மைத்துனன் நல்ல பையன்தான். ஆனால் அவனுக்கு நேர்கோடு என்பது கடல் அலையில் ஒரு வகை.

ஆகவே அவர் பெட்ரோல் கட்சியில் நின்றார்.

மறுநாள் மெஷின் கடையில் மைத்துனன் சுவரில் மாட்டியிருந்ததிலேயே நீளமான பிளேடின் முன்னால் போய் நின்று அசைய மறுத்தான்.

“அக்கா, இது ஒண்ணு போதும். ஒரே இழுப்புல தெருவையே முடிச்சிடலாம்.”

“முடிச்சிட்டு உன் மணிக்கட்டை எங்க தேடுறது?” என்றாள் அவள். “நீளமா இருந்தா வேலி சமமா வரும், வேலையும் ஓடும். ஆனா கனமெல்லாம் மூக்குல போய் நிக்கும். அதைத் தூக்கிப் பிடிக்கிறது மெஷின் இல்லடா, நீ.”

கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரையும் மறுத்துப் பேசாத மனிதர். “அவர் சொல்றதும் சரி, அம்மா சொல்றதும் சரி,” என்றார்.

“ரெண்டு பேரும் எப்படிங்க சரியா இருக்க முடியும்?” என்றார் நூல்காரர்.

“நீங்க கேக்கிறதும் சரிதான்.”

மனைவி பேட்டரி மெஷின் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைப்பிடி ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கவாட்டில் சுழன்றது. வேலியின் பக்கச் சுவரை வெட்டும்போது மணிக்கட்டை முறுக்க வேண்டாம். பிளேடின் இரு விளிம்பிலும் பல் இருந்தது. போகும்போதும் வெட்டலாம், வரும்போதும் வெட்டலாம். பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியில் தன் சுண்டுவிரலை நுழைத்து அளந்தாள். இதைவிடத் தடித்த கிளை வந்தால் ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும்; விடுதி வேலியில் அவ்வளவு தடித்த கிளையே கிடையாது. எல்லாவற்றையும்விட, இதன் பேட்டரி மெஷினில் இல்லை. இடுப்புப் பட்டையில் தொங்கியது. அங்கிருந்து ஒரு கம்பி மட்டும் கைக்கு வந்தது.

“கனத்தை இடுப்பு தாங்கும். கை சும்மா வழி காட்டினா போதும்,” என்றாள்.

“பேட்டரி பாதியில செத்துட்டா?” என்றார் அவர்.

“இன்னொரு பேட்டரி மாட்டுவோம். பெட்ரோல் தீர்ந்தா ஊத்துறதில்லையா? அதுல எண்ணெய் வேற அளந்து கலக்கணும். போன தடவை உங்க மாப்ள எண்ணெய் கலக்காமலே ஊத்தினானே, ஞாபகம் இருக்கா?”

“அக்கா, அது பழைய கதை.”

“பேட்டரியில உதறல் இருக்காதா?” என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகவே நாக்கைக் கடித்துக்கொண்டார் நூல்காரர்.

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “ஏன் கேக்கிறீங்க?”

“சும்மா. கேட்டு வச்சேன். பெட்ரோலே வாங்கலாம்.”

கடைக்காரர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். இதற்கு மேல் எல்லோரும் சரி என்று சொல்ல அவராலேயே முடியவில்லை. “ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. ஒரு நாள் வேலை பாருங்க. சாயங்காலம் ஒண்ணு உங்க வீட்டுக்குப் போகட்டும், இன்னொண்ணு என்கிட்ட வரட்டும்.”

முதலில் கார் நிறுத்துமிடத்தில் மிச்சமிருந்த தாடியைப் பெட்ரோல் மெஷினால் எடுத்தார்கள். புதிய மெஷின், நல்ல மெஷின். வெட்டென்றால் அப்படி ஒரு வெட்டு. மைத்துனன் ஒவ்வொரு உறுமலுக்கும் தலையாட்டி ரசித்தான். வேலை முடிவதற்குள் நூல்காரரின் இரண்டு விரல்களும் விடைபெற்றுப் போய்விட்டன. வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, இடது கையால் வண்டிக் கதவைத் திறந்தார்.

அடுத்து விடுதி. மனைவி பேட்டரிப் பட்டையை அவர் இடுப்பில் கட்டிவிட்டாள். மாடி முழுக்கத் திரை இழுத்த ஜன்னல்கள். வாசலில் விடுதிப் பொறுப்பாளர் அம்மாள் உதட்டில் ஒரு விரலை வைத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார். மைத்துனன் தூர முனைக்குப் போய் நூலைப் பிடித்தான். மனைவி தார்ப்பாயை எடுத்துவர, கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்திய வண்டிக்குப் போனாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வேலி வெட்டுகிறவர்கள் காதுமூடி போடுவார்கள். தடித்த, மெத்து வைத்த, தலையைச் சுற்றி வரும் காதுமூடி. மாமனும் மைத்துனனும் எத்தனையோ வருடங்களாகக் காதுமூடிக்குள் இருந்தபடி, ஓடும் என்ஜினுக்கு மேலே, தொண்டை கிழியப் பேசியே வேலை பார்த்தவர்கள். வேலை என்றால் காதுமூடி. காதுமூடி என்றால் கத்தல். அவர்களைப் பொறுத்தவரை அதுதான் சாதாரணப் பேச்சு. அன்றும் இருவரும் மறக்காமல் காதுமூடியை மாட்டிக்கொண்டார்கள்.

நூல்காரர் விசையை அழுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி விட்டு அழுத்தினார். அப்புறம்தான் கவனித்தார்: பிளேடு ஓடிக்கொண்டிருந்தது. மின்மோட்டாருக்குள் எதுவும் வெடிப்பதில்லை. காந்தம் தள்ள, காந்தம் இழுக்க, பேசாமல் சுற்றும். நூலை ஒட்டி மெஷினை நகர்த்தினார். இலைகள் தானாகவே விலகி விழுவதுபோல விழுந்தன. நூலின் பாதி தூரம் போனபின் ஒரு சந்தேகம் வந்து நின்றார். மெஷினை நிறுத்தி வேலியின் மேல் வைத்துவிட்டு, வலது கையை விரித்தார். மடக்கினார். நடுவிரல் வந்தது. மோதிர விரலும் வந்தது. இரண்டும் ரோஜா நிறத்தில், கூப்பிட்ட குரலுக்கு வரும் பிள்ளைகளாக இருந்தன.

“மாமா!” என்று தூர முனையிலிருந்து மைத்துனன் குரல் கொடுத்தான். “எப்படி இருக்கு?”

காதுமூடிக்குள் அது கிசுகிசுப்பாக வந்து சேர்ந்தது.

“நல்லா இருக்கு!” என்று கத்தினார் அவர்.

“என்னது?”

“நல்லா இருக்குன்னு சொன்னேன்!”

“மெதுவா பேசுங்க! தூங்குறாங்க!” என்று மைத்துனன் அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

“நான் எங்கடா சத்தம் போட்டேன்? மெஷினே சத்தம் போடல!”

மாடியில் ஒரு திரை விலகியது. இருவரும் பார்க்கவில்லை. ஒருவன் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தான், மற்றவர் விரலை.

“அப்ப இதையே வாங்கலாமா? பெட்ரோல்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்களே!”

“அதுக்குக் காரணம் இருக்கு மாப்ளே!”

“கேக்கல! சத்தமா சொல்லுங்க!”

“காரணம் இருக்கு! விரல்! வலது கை விரல்! பெட்ரோல் மெஷின் பிடிச்சா செத்துடும்! சுண்ணாம்பு மாதிரி வெளுத்துடும்! இதுல சாகல!”

“ஐயய்யோ! எவ்வளவு நாளா?”

“ரொம்ப நாளா! அந்த டம்ளர் எல்லாம் வழுக்கி விழல! நான்தான் போட்டேன்!”

இன்னும் சில திரைகள் விலகின. சில ஜன்னல்கள் திறந்தன. பின்னாலிருந்து மனைவி தார்ப்பாயும் கையுமாக ஓடிவந்து, இரு கைகளையும் ஆட்டி ஆட்டி, நிறுத்துங்கள் என்று சைகை காட்டினாள். நூல்காரர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“இது ரகசியம்! உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிடாத! தெரிஞ்சா என்னைப் பட்டறையில உக்கார வச்சிடுவா! உன் கையில வேலி போச்சுன்னா பாம்பு மாதிரி ஆயிடும்!”

“சத்தியமா சொல்ல மாட்டேன் மாமா!” என்று மைத்துனன் கொடுத்த வாக்குறுதியில், விடுதியின் கடைசி ஜன்னலும் திறந்தது. பிறகுதான் அவன், “பாம்பா?” என்றான்.

மனைவி அவருடைய காதுமூடியைப் பின்னாலிருந்து பிடுங்கினாள். திடீரென்று உலகம் முழுவதும் கேட்டது. அதில் மெஷின் சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலுக்கு ஜன்னல் கலைந்த தலைகள்.

விடுதிப் பொறுப்பாளர் அம்மாள் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால், தூக்கத்தில் நடப்பவள் போல, போர்வை நர்ஸும் வந்தாள்.

“நான் என்ன சொல்லியிருந்தேன்?” என்றார் பொறுப்பாளர் அம்மாள்.

நூல்காரர் தான் நட்ட வேலியை ஒரு முறை முழு நீளத்துக்கும் பார்த்தார். பாதி வரை நூல் பிடித்த நேர். மீதியை இனி யார் வெட்டுவார்களோ.

“மேடம்,” என்று மைத்துனன் மூச்சிரைக்க ஓடிவந்தான். “நீங்க சொன்னது, மெஷினால யாராவது எழுந்தா. மெஷினால யாரும் எழுந்திருக்கலையே!”

“அவன் சொல்றதை விடுங்க மேடம்,” என்றாள் மனைவி. “தப்பு எங்க மேலதான்.”

“இல்ல, அவர் சொல்றது நிஜம்,” என்றாள் போர்வை நர்ஸ், கண்ணைப் பாதி திறந்து. “மெஷின் என் ஜன்னலைத் தாண்டிப் போயிருக்கு. எனக்குத் தெரியவே இல்ல. இவங்க குடும்பக் கதை சொல்ல ஆரம்பிச்ச அப்புறம்தான் எழுந்தேன்.” பிறகு அவள் நூல்காரரின் முன்னால் வந்து நின்றாள். “விரலைக் காட்டுங்க.”

அவள் நகத்தை அழுத்திவிட்டு விட்டாள். வெளுத்த நகத்தில் சிவப்பு திரும்ப வருவதைப் பார்த்தாள். இப்போது அவள் தூக்கத்தில் இல்லை. “குளிர்ல ஜாஸ்தியாகுமா?”

“ஆகும்மா.”

“உதறல்ல ரத்தக்குழாய் சுருங்கிடுது. டாக்டர்கிட்டக் காட்டுங்க, தள்ளிப் போடாதீங்க. அந்த பெட்ரோல் மெஷினைத் தொடாதீங்க. வீட்டுல சொல்லியிருக்கீங்களா?”

“இப்பத்தான் சொன்னார்,” என்றாள் மனைவி. “தெருவுக்கே சொன்னார்.”

மாடியில் யாரோ சிரித்தார்கள். அது ஜன்னல் ஜன்னலாகப் பரவியது. பொறுப்பாளர் அம்மாள் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. “மெஷின் இருக்கட்டும்,” என்றார். “நீங்களும் இருங்க. ஆனா இந்த வேலிக்குள்ள வந்தா ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது. பேசணும்னா கையால பேசுங்க.”

ஜன்னல்கள் மூடின. திரைகள் விழுந்தன. மனைவி அவரிடம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “நம்ம வீட்டுல கண்ணாடி டம்ளர் எல்லாம் எங்க போச்சுன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?”

அவர் யோசித்தார். முதல் முறையாக.

“உனக்குத் தெரியுமா?”

“விழுந்ததைப் பெருக்குறது நான்தானே. நீங்களா வந்து சொல்வீங்கன்னு பார்த்தேன். அதுக்குத்தான் பேட்டரி பேட்டரின்னு அடிச்சுக்கிட்டேன்.”

“அப்ப... பட்டறையா?”

அவள் அந்த வேலியைப் பார்த்தாள். நேராக ஓடிவந்து பாதியில் நின்ற அதன் தலையைப் பார்த்தாள். பிறகு தன் தம்பியைப் பார்த்தாள்.

“மேல் பக்கம் நீங்க. பக்கச் சுவர் அவன். நடுநடுவே மாத்திக்கணும், கையை உதறிக்கணும், டாக்டர் சொன்னா சொன்னதுதான். ம், ஆரம்பிங்க. வாயைத் திறக்காதீங்க.”

மீதி வேலி அமைதியாக முடிந்தது. மைத்துனன் தூர முனையிலிருந்து கையாலேயே பேசினான்: கட்டைவிரலை உயர்த்தினால் சரி, உள்ளங்கையைக் கவிழ்த்தால் மேடு இருக்கிறது. ஒரு முறை மட்டும் கையைப் பாம்பு போல நெளித்துக் காட்டி, நெஞ்சில் கைவைத்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அதற்கு நூல்காரருக்குச் சைகையில் பதில் தெரியவில்லை. மெஷினை அவன் கையில் கொடுத்து, நூலைத் தான் போய்ப் பிடித்துக்கொண்டார். அவன் வெட்டியது கொஞ்சம் நெளிந்துதான் இருந்தது. அவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

சாயங்காலம் பெட்ரோல் மெஷின் கடைக்குத் திரும்பியது. “நீங்க எடுத்த முடிவுதான் சரி,” என்றார் கடைக்காரர். மற்றதை எடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மனைவி அலமாரியின் மேல் தட்டில் கைவிட்டு, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். கண்ணாடி டம்ளர், கூட்டத்தில் கடைசியாக மிஞ்சியது. அதில் டீயை ஊற்றி அவரிடம் நீட்டினாள். அவர் வலது கையால் வாங்கினார். சூடு தெரிந்தது. பிடி தெரிந்தது. விரல்கள் இரண்டும் தத்தம் இடத்தில் நின்று வேலை பார்த்தன. அவர் அவளைப் பார்க்க, அவளும் அவரைப் பார்த்தாள்.

“மாமா! கெட்டியாப் பிடிச்சுக்கோங்க!” என்று பின்னாலிருந்து மைத்துனன் கத்தினான்.

டம்ளர் தரையில் நொறுங்கியது.

“இதுக்கு விரல் பொறுப்பில்ல,” என்றார் நூல்காரர், தூக்கிய கையை இறக்காமல்.

“தெரியும்,” என்றாள் மனைவி, துடைப்பத்தைத் தம்பியின் கையில் கொடுத்தபடி.